ஒலிவ மரத்துக்குச் சாம்பிராணி

எங்கள் மகள் இத்தாலியில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போவதற்கு என் மனைவி இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் இல்லையென்றுவிட்டார்கள். இரண்டாவது கடிதம் வந்த கிழமையே அவள் நுவரெலியாவில் ஒரு தோட்டக்காரரிடம் இடுப்புயர ஒலிவ மரமொன்றைச் சாடியோடு வாங்கி, வாடகை வான் பிடித்து, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி பல்கனிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"என்னை அங்க விடாட்டிப் போகட்டும். அந்த ஊர்க் காய் ஒண்டாவது இஞ்ச காய்க்கட்டும். பிள்ளைக்குப் படம் எடுத்து அனுப்புறன்" என்றாள்.

மரம் மொட்டோடுதான் வந்திருந்தது. இரண்டு கிழமையில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. மேல்மாடி அன்ரி எட்டிப் பார்த்து, "என்ன வடிவு" என்றுவிட்டுப் போனார். போதாதா? நாவூறு பட்டுவிட்டதென்று என் மனைவி முடிவு கட்டினாள். அந்த வெள்ளிக்கிழமையே சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டு மரத்தைச் சுற்றிக் காட்டினாள். உப்புக்காற்றுக்குப் பயந்து பல்கனியைக் கண்ணாடியால் அடைத்து வைத்திருக்கிறோம். புகை வெளியே போக வழியில்லாமல் மரத்தோடேயே குடியிருந்தது.

இரண்டு நாளில் இலை கொட்டத் தொடங்கியது. பூவும் கொட்டியது.

"பாத்தியளோ, எவ்வளவு பொல்லாத கண்" என்றாள். வெள்ளிக்கிழமைப் புகை தினப்புகை ஆனது. கொட்டக் கொட்டப் புகை, புகைக்கப் புகைக்கக் கொட்டல். தணலுக்கு விசிறியவன் நான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் வீட்டில் சமாதானத்தில் நம்பிக்கை உண்டு.

இந்த இடத்தில் என் தொழிலையும் சொல்லித் தொலைக்க வேண்டும். நான் டியூஷனில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவன். இலையில் ஒட்சின் என்ற வளர்ச்சி ஓமோன் போதியளவு இருக்கும்வரை காம்பு பிடிவிடாது, எதிலீன் வாயு கூடினால் காம்படியில் ஒரு கலப்படை விட்டுப்போய் இலை, பூ எல்லாம் கழன்றுவிழும் என்பதை நித்திரையிலும் சொல்லுவேன். அதற்கு இருபது வருடமாக ஒரே உதாரணம்தான்: வாழைக்குலையை அறைக்குள் பூட்டி ஏன் புகைபோடுகிறார்கள்? புகையில் எதிலீன் இருக்கிறது, காய் பழுக்கிறது. அதே புகை செடிக்குப் பட்டால் இலை கொட்டும்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பிலும் அதைத்தான் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை. நான் போட்டிருந்த சேட்டில் சாம்பிராணி மணந்தது. பிள்ளைகள் குறிப்பெடுக்கக் காத்திருந்தார்கள். நான் பத்து நிமிடம் முன்னதாகவே வகுப்பை முடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அவள் தணலைப் போட்டுக்கொண்டிருந்தாள். மரத்தில் இன்னும் ஒரு கொத்துப் பூ இருந்தது.

"இனிப் புகை காட்டாதையும். கொட்டுறது புகையாலதான்" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"அப்ப என்ர கையாலதானோ எல்லாம் கொட்டினது?"

"விசிறினது நான்."

அவள் தணலில் தண்ணீரை ஊற்றினாள். பிறகு, "இருபது வருசமா ஊர்ப்பிள்ளையளுக்குச் சொல்லுறியள். வீட்டில சொல்ல வாய் வரேல்லையோ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

கண்ணாடியைத் திறந்துவிட்டோம். கடைசிக் கொத்தும் இரண்டு நாளில் விழுந்தது. ஆனால் மாதம் முடிவதற்குள் மொட்டைக் கொப்புகளில் தளிர் வந்தது. அதைப் பார்த்தபின் அவளுக்கு, கல்யாணம் கட்டி முதல்தடவையாக, என் பாடத்தில் ஒரு மரியாதை பிறந்துவிட்டது.

"வாற வருசம் பூக்கும்தானே?" என்று கேட்டாள்.

ஒலிவம் மொட்டுக்கட்டக் குளிர் வேண்டும். வந்த மொட்டெல்லாம் நுவரெலியா மலைக்குளிரில் பிடித்தது. வெள்ளவத்தையில் குளிர் கிடைக்கும் ஒரே இடம் எங்கள் ஃபிரிட்ஜ்.

"ஓம், பூக்கும்" என்றேன்.

அவள் உடனே போனை எடுத்து மகளுக்குக் குரல்பதிவு அனுப்பினாள். "வாற வருசம் காய்க்குமாம் பிள்ளை. அப்பா சொன்னவர்."