கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடம் நிறைகிறது. "நினைவு மலருக்கு நீயே எழுதுக்கா, நீதான் நல்லா பேசுவ" என்று தம்பி பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான். பேசுவது வேறு, எழுதுவது வேறு. அப்பாவின் அஸ்தியைக் கடலில் கரைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். அது சரியா, தவறா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்தக் குழப்பத்தோடுதான் இதை எழுதுகிறேன், உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். நிலம் நான்கு பேருக்குப் போதாது என்று பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தார். பதினைந்து வருடமும் கப்பலின் அடியில், எந்திர அறையில்தான் வேலை. சூடும் சத்தமும் தவிர எதையும் பார்த்ததில்லை என்பார். அந்தச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அதனால் எங்கள் வீட்டில் யாரும் ரகசியம் பேசியதே கிடையாது, பேசினால் தெருவுக்கே கேட்கும்.

நான் பிறந்து எட்டு மாதம் கழித்துத்தான் அப்பாவுக்கு லீவு கிடைத்தது. "என்னப் பாத்ததும் வீல்னு கத்துன பாரு, என்ஜின் சத்தமே தேவலன்னு ஆயிடுச்சி" என்று என் கல்யாணத்தன்று கூடச் சொல்லிச் சிரித்தார்.

ஊர் திரும்பியபின் மில்லில் மெக்கானிக்காக வேலை பார்த்து, மூலக்குளத்தில் வீடு கட்டி, எங்கள் இருவரையும் படிக்கவைத்தார். வாசலில் செருப்பு வரிசை மாறக் கூடாது. ராத்திரி கேட்டுக்குத் தாழ் போட்டாச்சா என்று மூன்று முறை கேட்பார். ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப்போவார். எல்லாரும் கடலைப் பார்த்து உட்கார, அப்பா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்காருவார்.

"ஏம்ப்பா, கடல் அந்தப் பக்கம் இருக்கு" என்பேன்.

"அது எங்க ஓடிடப் போவுது? நான் ஊரப் பாக்கறேன், வுடு" என்பார். அதைக் கேலியாக எடுத்துக்கொண்டேனே தவிர, ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கடைசிப் பதினொரு நாள் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். டாக்டர், நர்சு, தரை துடைக்க வந்த அம்மா, யார் வந்தாலும் ஒரே கேள்விதான்: "வூட்டுக்கு எப்ப போவலாம்?"

காரியம் முடிந்ததும் தம்பி திருக்காஞ்சி ஆற்றில் கரைக்கலாம் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நேவிக்காரர ஆத்துல கரைக்கறதாடா? ஊரே சிரிக்கும்" என்று கத்தினேன். பாவம், அவன் விட்டுக்கொடுத்தான். குருசுக்குப்பத்தில் அப்பா படகு மோட்டார் பழுது பார்த்துக்கொடுத்த ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் படகில் போனோம். பெண்கள் வரும் வழக்கம் இல்லை என்றார்கள், நானும் ஏறிக்கொண்டேன். அலை தாண்டியதும் அண்ணன் மோட்டாரை நிறுத்திக் கைகூப்பினார். "ஐயா, நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார்.

மூன்று மாதம் கழித்து, அம்மாவின் பென்ஷனுக்காக அப்பாவின் சர்வீஸ் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். உள்ளே நான்காக மடித்த தாள். அப்பாவின் கையெழுத்து. "என்னைக் கடலில் கரைக்க வேண்டாம்." அவ்வளவுதான். காரணமும் இல்லை, வேறு இடமும் சொல்லவில்லை. தம்பி படித்துவிட்டுப் பழையபடி மடித்து வைத்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

ஏன் அப்பா வாயால் சொல்லவில்லை? அந்த எந்திர அறையில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லையா, வெறும் சலிப்பா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. அம்மாவிடம் அழுதேன்.

"எங்கிட்டயும் சொல்லலடி" என்றார் அம்மா. "அதுக்கு ஏன் அழற? கடலுக்குப் போனவரு என்னிக்கு அங்கயே இருந்தாரு? ஒவ்வொரு தபாவும் வூட்டுக்குத்தான வந்தாரு?"

அப்பாவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள், தோள் கொடுத்த மூலக்குளம் தெருக்காரர்கள், படகுக்கார அண்ணன், எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பிக்கு நன்றியோடு என் மன்னிப்பும். உங்களில் யாரிடமாவது அப்பா காரணம் சொல்லியிருந்தால், அது என்னைச் சுடுவதாக இருந்தாலும், தயவுசெய்து வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.

எந்நேரமும் வரலாம். நான் அழுத அன்றிலிருந்து அம்மா ராத்திரியிலும் கேட்டுக்குத் தாழ் போட விடுவதில்லை. எதற்கெடுத்தாலும் வாதாடும் நான், இதற்கு மட்டும் வாயே திறக்கவில்லை.