பூஜை அறையிலிருந்து இறங்கிய ஹெல்மெட்

குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில், சக்கரக் கட்டிலில் படுத்தபடி, என் கணவரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேனாம். "பிஸ்கட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" பிஸ்கட் நான் ஏறும் குதிரை. "ஒண்ணும் ஆகல" என்று முரளி சொல்வாராம். நான் தலையாட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேனாம். எனக்கு இது எதுவுமே நினைவில் இல்லை. "குதிரைய அத்தனை தடவை கேட்டியே, என்னைப் பத்தி ஒரு தடவை கேட்டியா?" என்று இன்றைக்கும் குத்திக்காட்டுகிறார்.

எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன இன்ஜினியரிங் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். முடிச்சூரில் வீடு. பக்கத்திலேயே ஒரு குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. வேடிக்கை பார்க்கப் போய் மாட்டிக்கொண்டவள் நான். ஷோ (கட்டைத் தடைகளைக் குதிரையோடு தாண்டிக் காட்டும் போட்டி) ஒன்றுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, தடைக்கு முன்னால் பிஸ்கட் சட்டென்று நின்றது. நான் நிற்கவில்லை. பின்மண்டை மரக்கம்பத்தில் மோதியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சி.டி. ஸ்கேனில் (தலைக்குள் அடுக்கடுக்காகப் படம் எடுக்கும் சோதனை) ரத்தக்கசிவு இல்லை. எனக்கு வந்தது கன்கஷன் (அடியின் அதிர்ச்சியில் மூளை தன் வேலையைத் தற்காலிகமாகத் தடுமாறிச் செய்யும் நிலை). வெளியே காயம் கிடையாது, தையல் கிடையாது. அதனால் யாருக்கும் இது நோயாகவே தெரியாது. பார்க்க வந்தவர்கள் எல்லாம், "நல்லாத்தானே இருக்கே" என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

நன்றாக இல்லை. மிக்ஸி ஓடினால் அழுகை வந்தது. பல்லாவரம் பக்கம் இறங்கும் விமானத்தின் சத்தம் தலைக்குள்ளேயே இறங்கியது. மொபைல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. படுக்கையில் திரும்பினால் அறையும் கூடவே திரும்பியது. சீரகம் என்ற வார்த்தை வராமல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எரிச்சல் மட்டும் குறையில்லாமல் வந்தது, அத்தனையும் முரளியின் மேல். இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் யாராவது இப்படி எரிந்து விழுந்தால், தயவுசெய்து கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கே அவர்களைப் பிடிக்காத காலம் அது.

மெல்ல மெல்லச் சரியானது. முதலில் தூக்கம், பிறகு வெளிச்சம், கடைசியாக வார்த்தைகள். வேலைக்கு அரைநாள், பிறகு முழுநாள். எல்லாம் தேறியதும் நரம்பியல் மருத்துவரிடம் நேராகக் கேட்டுவிட்டேன், மறுபடி குதிரை ஏறலாமா என்று. தை மாதத்தில் ஒரு ஷோ இருந்தது. அதில் இறங்கியே ஆக வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். அப்படியே விட்டுவிட்டால் இனி எதற்கும் பயந்துகொண்டே இருப்பேன் என்று தோன்றியது.

"முதல் அடி எனக்குப் பெரிய கவலை இல்ல, ரேவதி. அது முழுசா ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி விழக்கூடாது, அதான் பயம்" என்றார் அவர். "படிப்படியா போங்க. ஒவ்வொரு படியிலயும் தலைவலியோ தலைசுத்தலோ வந்தா நிறுத்திட்டு என்கிட்ட வாங்க. அது சரி, அன்னைக்குப் போட்டிருந்த ஹெல்மெட்ட என்ன பண்ணீங்க?"

"பூஜை ரூம்ல இருக்கு டாக்டர்."

அவர் சிரித்துவிட்டார். "அங்கேயே இருக்கட்டும். திரும்பத் தலைக்கு மட்டும் வேண்டாம்."

பூஜை அறை முரளியின் வேலை. விழுந்த அன்றே ஹெல்மெட்டைக் கொண்டுவந்து சாமி படங்களுக்குக் கீழே வைத்துவிட்டார். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. வீட்டில் எதுவுமே சும்மா கிடக்கக் கூடாது என்று சத்தம் போடுகிற மனிதர், அதற்குத் தினமும் விளக்குக் காட்டினார். அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. "ஏறியே தீருவேன்னா இதைப் போட்டுக்கிட்டு ஏறு. இதுதான் உன்னைக் காப்பாத்துச்சு. ராசியானது."

எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். தொழில் புத்தி வேறு சேர்ந்துகொண்டது. கம்பெனியில் ஒரு பாகத்தை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே அதை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தேன். விரிசல் இல்லை, நெளிவு இல்லை. பாஸ் என்று எப்போதோ மனதுக்குள் முத்திரை குத்தியாகிவிட்டது. இரும்பைப் பார்க்கிற கண்ணால் நான் தெர்மாகோலைப் பார்த்திருக்கிறேன். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் அந்தத் தெர்மாகோல் போன்ற பஞ்சு, ஒரே ஒரு தடவை நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளத்தான். நசுங்கினால் திரும்ப எழாது. மேலே இருக்கும் ஓடு அதை வெளியே காட்டவும் காட்டாது. மருத்துவர் இதை விளக்கியபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

முரளி ஏற்கவில்லை. "டாக்டருக்கு மூளையப் பத்தித் தெரியும். ஹெல்மெட்டப் பத்தி என்ன தெரியும்?"

"அப்ப அறுத்துப் பாத்துடலாம். வாங்க கம்பெனிக்கு."

அவர் முகம் மாறிவிட்டது. சாமி அறையில் இருந்ததை அறுப்பதா என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் பார்த்தால், ஈரத்துணியால் சந்தனத்தையும் குங்குமத்தையும் அவரே துடைத்துக்கொண்டிருந்தார். "பூசினபடியே அறுக்க வேண்டாம்" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாத பெஞ்சில் வைத்து, இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடால் நானே அறுத்தேன். இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் பஞ்சு விரல் கனத்துக்கு இருந்தது. வலது பின்பக்கம் அதில் பாதிகூட இல்லை, அழுத்தி இறுகி அப்பளம் மாதிரி கிடந்தது. முரளி அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோதான் மிச்சமா?"

"ஆமா."

"நீ ஏறவே வேண்டாம், ரேவதி."

நான் எதிர்பார்த்தது இது இல்லை. பழைய ஹெல்மெட்டை விடவைக்கப் போய், குதிரையையே விடவைத்துவிட்டேனே என்று பகீரென்றது. "அது தோத்துப்போய் நசுங்கலங்க. நசுங்குறதுதான் அதோட வேலை. என் மண்டைக்குப் பதிலா அது நசுங்குச்சு" என்றேன். அவர் எழுந்து போய் பைக்கை எடுத்தார். அந்த வாரம் முழுக்க, உப்பு போதுமா, மோட்டார் போட்டாச்சா, அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எனக்குக் கோபம் இல்லை. அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் விழித்திருந்து பார்த்தவர் அவர். நான் அங்கே இருந்தும் இல்லாதவள்.

ஞாயிற்றுக்கிழமை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது தலையில் ஏதோ சுற்றியது. திடுக்கிட்டுப் பார்த்தால், தையல் டேப்பைப் புருவத்துக்கு மேலே வைத்து முரளி அளவெடுத்துக்கொண்டிருந்தார். "ஆடாம இரு" என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த அனுமதி.

கடையில் ஆசைப்பட்டது வெல்வெட் வைத்த கறுப்பு ஹெல்மெட்டுக்கு. ஷோவில் கோட்டோடு போட்டால் எடுப்பாக இருக்கும். என் தொழில் பழக்கப்படி உள்ளே ஒட்டியிருந்த தரமுத்திரையை முதலில் பார்த்தேன், அளவைப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். வீட்டில் போட்டுக்கொண்டு பீன்ஸ் நறுக்கினேன். கொஞ்ச நேரத்தில் நெற்றியில் வலி தொடங்கியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். திரும்ப வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது, இனி ஷோவும் இல்லை ஒன்றும் இல்லை என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

முரளிதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். கழற்றியதும் வலி கரைந்தது. நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. நோய் திரும்பவில்லை, என் தலை உருண்டை, அந்த ஹெல்மெட் நீள்வட்டம். சுற்றளவு சரியாக இருந்தும் வடிவம் சரியில்லை. உங்களுக்கும் இந்தப் பயம் வரும். அப்போது உடைந்துபோகாமல், போட்டிருப்பதைக் கழற்றிவிட்டு வலி எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

கடைக்காரர் மாற்றித் தந்தார். கூடவே, என்னைப் பார்த்து, "மேடம், கொண்டைய அவுத்துட்டுப் போட்டுப் பாருங்க" என்றார். நம் ஊர்ப் பெண்கள் செய்கிற தப்பு இது. அடர்ந்த கூந்தலை உச்சியில் சுருட்டி வைத்து அதன் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்தால், அது தலையில் உட்காராமல் கொண்டையில் உட்காரும். நான் இத்தனை நாளும் அப்படித்தான் ஏறியிருக்கிறேன். பின்னலைக் கழுத்தடியில் தாழ்த்திக் கட்டிக்கொண்டு, உருண்டைத் தலைக்கு ஏற்ற ஒன்றைப் போட்டேன். அதைப் பிடித்து அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைந்தது. எங்கும் அழுத்தவில்லை, எங்கும் இடைவெளி இல்லை. வெல்வெட் இல்லை, பளபளப்பு இல்லை, பார்க்கக் கொஞ்சம் சட்டி மாதிரிதான் இருந்தது. அதையே எடுத்தேன்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. சமைக்கும்போது, சீரியல் பார்க்கும்போது, துணி மடிக்கும்போது என்று தலையிலேயே இருந்தது. சிலிண்டர் கொண்டுவந்த அண்ணன் கதவருகே நின்றுவிட்டார். "இன்னா மேடம், வூட்டுக்குள்ளயே ஹெல்மெட்டு? சார் அடிக்கிறாரா?"

"அவருக்கும் ஒண்ணு வாங்கணும், அண்ணா" என்றேன். உள்ளேயிருந்து முரளி இருமினார். அடிபட்ட பிறகு நான் செய்த முதல் கேலி அது. என் நாக்கு என்னிடம் திரும்பி வந்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பிறகு குதிரை. முதலில் நடை, அப்புறம் ஓட்டம், தரையில் கிடக்கும் கட்டை, முழங்கால் உயரக் கட்டை. ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை எப்படி எழுகிறேன் என்று பார்த்துத்தான் அடுத்த படி. எந்தப் புத்திமதியும் எனக்குக் கற்றுத்தராத பொறுமையை இது கற்றுக்கொடுத்தது. மருத்துவர் சரி என்றார். எந்த ஹெல்மெட்டும் கன்கஷனை முழுதாகத் தடுக்காது என்பதையும் சேர்த்தே சொன்னார். தெரிந்துதான் ஏறினேன்.

தை மாத ஷோவில் தடைகள் தாழ்வாக இருக்கும் கீழ்மட்டப் பிரிவில்தான் இறங்கினேன். மணி அடித்தது. முன்பெல்லாம் ஒரு தடையைத் தாண்டும்போதே மனம் அடுத்ததற்குப் போய்விடும். தலை என்று ஒன்று இருப்பதே தெரியாது. இன்று அதன் எடை தெரிந்தது, கழுத்து அதைத் தாங்குவது தெரிந்தது, பிஸ்கட்டின் மூச்சு தொடையில் தெரிந்தது. குதித்து இறங்கும் அந்தக் கண்ணிமைப்புக்குள் இவ்வளவு இடம் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. எனக்குப் பயம் இருந்தது, சந்தோஷமும் இருந்தது, இரண்டுக்கும் நேரமும் இருந்தது. கடைசித் தடையில் பின்னங்கால் தட்டி மேல்கட்டை டமார் என்று விழுந்தது. பரிசு போனது. நான் முதுகு நிமிர்ந்தபடியே வெளியே வந்தேன்.

முரளி வேலியோரம் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பாக்கலையா?"

"முடியல. சத்தம் மட்டும் கேட்டேன்." திரும்பி, என் ஷூவிலிருந்து ஹெல்மெட்வரை ஒரு தடவை மெதுவாகப் பார்த்தார். "கடைசியா டமார்னுச்சே, அது என்ன?"

"கட்டை விழுந்துச்சு. போச்சு, தோத்தாச்சு."

"கட்டைதானே" என்றார். "கட்டைதானே, விழட்டும்."