மூன்று மணி வரை

இந்தச் சம்பவத்துக்கு முன்புவரை எனக்கென்று ஒரு மதிப்பு இருந்தது. ஐந்தாம் வகுப்பின் தலைவன் நான். பொய் சொல்லாத பையன் என்று ஆசிரியர்களே பிறரிடம் என்னைச் சுட்டிக்காட்டுவார்கள்.

அப்பா மரக்காணத்து உப்பளமொன்றில் மேஸ்திரி. விடியுமுன் தொடங்கும் உப்பு வாரும் வேலை பதினொரு மணிக்கு முடியும். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை அவர் எவர் அழைப்புக்கும் எழமாட்டார். கொல்லையில், சவுக்கு நிழலில், கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். அதை நான் சோம்பல் என்றே கருதி, நண்பர்களிடம் மறைத்து வந்தேன்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நண்பகலுக்குப் பின் கடற்பக்கம் வானம் கறுத்தது. ஒரு மழை போதும், குவித்து வைத்த உப்பெல்லாம் கரைந்துவிடும். முதலாளியின் ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது.

"டேய், உங்கப்பன் எங்கடா?"

படுத்திருக்கிறார் என்றால் அப்பாவின் வேலை போய்விடும் என்று அஞ்சினேன். "திண்டிவனம் போயிருக்காருங்க" என்றேன். என் முதல் பொய் அது.

"மழை வர்ற நேரத்துல தொரைக்குத் திண்டிவனம் கேக்குதா?"

கொல்லையில் கட்டில் கிறீச்சிட்டது. அப்பா துண்டைத் தோளில் போட்டபடி வந்தார்.

"இங்கதாங்க இருக்கேன். பையன் பயத்துல சொல்லிட்டான்."

"படுத்துக்கினு இருந்தியா? உப்பு கரையப் போவுதுய்யா!"

"வானம் சரியில்லன்னு காலையிலயே ஓலை போட்டு மூடியாச்சுங்க. மூணு மணிக்கு வர்றேன்."

"இப்ப வண்டியில ஏறு. இல்லன்னா நாளையிலேர்ந்து நீ மேஸ்திரி இல்ல."

"சரிங்க. கூலிக்கு உப்பு வார்றேன். ஆனா இது என் நேரங்க."

ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. தூறல் விழுந்ததும் அப்பா கட்டிலைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டு மறுபடி படுத்தார். நான் கடிகாரத்தையும் மழையையும் மாறி மாறிப் பார்த்து நின்றேன். மூன்று அடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் வேறொருவர் மேஸ்திரி. அப்பா பாத்தியில் இறங்கி உப்பு வாரினார். பன்னிரண்டுக்கு வந்து படுத்தார். நான் சொன்ன பொய்யும் அப்பா கூலியானதும் பள்ளிவரை பரவி எனக்குத் தலைகுனிவு. பல நாள் அவருடன் நான் பேசவில்லை. பொய் சொல்லி நான் ஒளிக்கப் பார்த்த மூன்று மணி நேரத்தை, அவர் ஏன் முதலாளியின் முகத்துக்கு நேரே தம்முடையது என்றார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

அப்பா தூங்கிப்போனதால் உப்பு கரைந்து மேஸ்திரி வேலை போயிற்று என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் உறவினர் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பா தூங்கவில்லை. உப்பும் கரையவில்லை.