இலத்திரனின் திணிவும் அப்பாவின் பெயரும்

ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போனவன் நான். தொண்ணூறுகளின் கடைசியில், பௌதிகவியல் இறுதி ஆண்டில் எனக்குக் கிடைத்த வேலை, சிலிக்கன் துண்டின் மேற்பரப்பில் ஓடும் இலத்திரன்களின் பயன்படு திணிவைக் கணக்கிடுவது. படிகத்துக்குள் இலத்திரன் தன் சொந்தத் திணிவோடு நடந்துகொள்வதில்லை. வேறொரு திணிவு இருப்பதுபோலத்தான் அசையும். கடுங்குளிரில் காந்தப் புலத்தைக் கூட்டினால் மின்தடை அலையலையாக ஏறி இறங்கும். குளிர் குறைந்தால் அலை சிறுக்கும். சிறுக்கும் வேகத்திலிருந்து திணிவைப் பிடித்துவிடலாம். அந்தக் குளிருக்குத் தேவையான திரவ ஈலியம் எங்களிடம் இல்லை. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று அனுப்பிய வரைபுகளை அடிமட்டம் வைத்து அளந்தேன்.

இலத்திரன்களின் எண்ணிக்கை குறையக் குறையத் திணிவு கூடியது. பேராசிரியர் நம்பவில்லை. மூன்று தடவை அளந்தேன், அதே விடை. கடைசியில் அவரே அந்த ஆய்வுகூடத்துக்கு எழுதினார். ஆறு மாதம் வந்து நானே அளந்து பார்க்கலாம் என்று பதில் வந்தது.

பாஸ்போட்டுக்கான பத்திரங்களைச் சரிபார்க்கப் பதுளைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, இந்திய வம்சாவளியினருக்கென்று அவருக்குக் கொடுத்த பிரஜாவுரிமைப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். தமிழர் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"ரெண்டும் ஒரே ஆள்தான் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும், தம்பி?"

"எங்க அப்பாதாங்க. வெளியில நிக்கிறாரு, கூப்பிடவா?"

"ஆளைக் கொண்டுவந்து என்ன செய்யிறது? கடுதாசி வேணும்."

வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அப்பா, வாசலில் என் முகத்தைப் பார்த்தார். "என்னாலதான் ஒனக்கு எடஞ்சலா?"

எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. அதற்காக இன்றும் கூசுகிறேன்.

பெயர்த் திருத்தம் வந்துசேரப் பதினொரு மாதம் ஆனது. அதற்குள் அந்த வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் வேறொரு மாணவன் அளந்து முடித்துவிட்டான். கட்டுரையின் பிரதியைப் பேராசிரியர் நீட்டினார். அவன் எண்ணும் என் எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. நன்றி சொன்ன வரிகளில்கூட நான் இல்லை.

"நீர் சொன்னது சரியாத்தான் வந்திருக்கு," என்றார், பரிசு கொடுப்பவர்போல.

பிறகு ஒரு பாடசாலையில் ஆசிரியரானேன். பெரகல சந்தித் தேநீர்க் கடையில் யாரைக் கண்டாலும் அப்பா, "எம் மவன் வெளிநாடு போவ இருந்தவன்," என்று தொடங்கிவிடுவார். அவரோடு அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன்.