பிஸ்கோத்துத் தகரத்தில் மூன்று தட்டு

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். செத்தது செத்ததுதான் என்று மாதா கோயில் வாசலில் வைத்தே வாதாடியிருக்கிறேன், சுவாமியாரே சிரித்துக்கொண்டு போயிருக்கிறார். அப்படிப்பட்ட நான் இதைச் சொல்கிறேன் என்றால் நடந்தபடியால்தான் சொல்கிறேன். பயத்தில் சொல்லவில்லை, கோபத்தில் சொல்கிறேன். இத்தனை வருடமாகியும் ஆறாத கோபம், அதுவும் மூன்று எலிகளுக்காக. சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. பேசாலையில் எங்கள் வீடு கடலை ஒட்டியிருந்தது. தாய் தகப்பன் போனபிறகு அண்ணன் மரிசாலோடும் அவன் பெண்சாதி பிலோமினாவோடும்தான் நான் இருந்தேன். மூத்தவனை அவன் இவன் என்கிறாளே என்று பார்க்காதீர்கள், அந்த மரியாதையை அவனே கெடுத்துக்கொண்டான். அவன் கடலுக்குப் போவான், நான் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துவேன், கயிறு திரிப்பேன். அறுந்த நூலைப் பார்த்தே எது அறுத்தது என்று சொல்லிவிடுவேன். கல்லில் சிக்கினால் நூல் இழுபட்டுப் பிய்ந்திருக்கும், நண்டு கடித்தால் நசிந்திருக்கும், எலி கடித்தால் கத்தி வைத்ததுபோலத் துண்டாகியிருக்கும். இதில் நான் பிழை விட்டதே இல்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்த வருடம் எங்கு பார்த்தாலும் பிளேக் கதைதான். இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிற அரிசி மூட்டைகளோடு எலி வரும், எலியோடு நோய் வரும் என்று சொல்லி, வீட்டுக்கு வீடு கம்பிப் பொறி கொடுத்தார்கள். விழுந்த எலியைப் பொறியோடு தண்ணீர் வாளியில் அமுக்க வேண்டும், அதுதான் கட்டளை. எங்கள் பொறியில் முதலில் விழுந்தவன் ஒரு இளந்தாரி. கம்பியைக் கடித்துக் கடித்து மேல்பல் ஒன்று வேரோடு போய், வாயெல்லாம் இரத்தம். நான் வாளிவரைக்கும் கொண்டுபோனேன், பொய் சொல்லமாட்டேன், அமுக்கத்தான் போனேன். அவன் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என் விரலைப் பிடித்தான். கடிக்கவில்லை, பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அதற்குமேல் எப்படி அமுக்குவது?

அவன்தான் ஒற்றைப்பல்லன். கறுப்பியும் குஞ்சியும் பிறகு வந்தார்கள். அரிசிச் சாக்கின் மூலையில் மயிர்கூட முளைக்காமல் கிடந்ததுகளை எடுத்து, திரியை ஆட்டுப்பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தேன். குஞ்சி என் கொண்டைக்குள் படுத்து நித்திரை கொள்ளும். கறுப்பி சரியான கள்ளி, நூல்கட்டை வைத்த இடத்தில் இருக்காது. நான் செபமாலை சொல்லும்போது மூன்றும் மடியில் ஏறி ஒவ்வொரு மணியாக மோந்து பார்க்கும். நம்பினால் நம்புங்கள், ஒருநாளாவது வலையில் வாய் வைத்ததில்லை. அதற்கென்று கடற்கரையில் ஒதுங்குகிற கணவாய் ஓடு பொறுக்கிக் கொடுப்பேன், அதைத்தான் கொறிக்கும். ஒற்றைப்பல்லன் மட்டும் ஒருமுறை, நான் படுத்திருக்கும்போது கழுத்தில் கிடந்த உத்தரியத்தின், அதுதான் மாதா படம் தைத்த துணித்துண்டின், கயிற்றை அறுத்துவிட்டான். ஒரு பல் இல்லாதபடியால் அவன் அறுப்பே வேறு. மூன்று புரியில் இரண்டு சீராகத் துண்டாகும், மூன்றாவது பிய்ந்து தாடிபோல நிற்கும். நான் திட்டிக்கொண்டே முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டேன்.

அவர்களுக்கு வீடு ஒரு பிஸ்கோத்துத் தகரம். பக்கத்தில் ஓட்டை போட்டுப் பழந்துணி விரித்திருந்தேன். எங்கே திரிந்தாலும் நான் கணவாய் ஓட்டை எடுத்துத் தகரத்தில் தட்டினால் வந்துவிடும். இரண்டு தட்டுச் சேர்த்து, கொஞ்சம் விட்டு மூன்றாவது. அந்தத் தட்டுக்கு வராமல் இருந்ததே இல்லை. பாதித் தூரம் வந்து திரும்பியதும் இல்லை.

அண்ணனுக்கு எல்லாம் தெரியும். பார்த்துச் சிரித்தவன்தான். அந்த வருடம் அவனைக் கோயில் மூப்பராகப் போட்டார்கள், அதோடு தலை கால் தெரியாமல் போய்விட்டது. பிளேக் ஐயா என்று சனங்கள் சொல்லுகிற சுகாதாரப் பரிசோதகர் வந்தால் இவன்தான் முன்னுக்கு நடப்பான். எந்த வீட்டில் எலி இருக்கிறதோ அந்த வீட்டுக் கூரையைப் பிரித்து வெயில் விடுவோம் என்று அவர் சொல்லிவிட்டுப் போன அன்று, சாப்பாட்டுக்கு முன்னால் அண்ணன் தொடங்கினான்.

“தங்கச்சி, அதுகளை இண்டைக்கே கொண்டுபோய் எங்கையெண்டாலும் விடு. மூப்பர் வீட்டில எலி வளக்கினமெண்டு ஊர் சிரிக்குது.”

“நாலு நாள் பொறுங்கோ அண்ணை. அடம்பனில தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், வயல்கரையில விட்டிட்டு வாறன்.”

“சரி, நாலு நாள்.”

நாலு நாள் என்று அவன் வாயால் சொன்னான், பிலோமினா சாட்சி.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் முதற்பூசைக்குப் போனேன். வந்து பார்த்தால் தகரம் இல்லை. பிலோமினா அடுப்படியில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுகிறாள். கேட்டேன். சொன்னாள்.

“அவர்தான் மச்சாள். உங்கட கணவாய் ஓட்டை எடுத்துத் தட்டினார். மூண்டும் ஓடி வந்து தகரத்துக்குள்ள ஏறிச்சுதுகள். மூடிக் கம்பியால கட்டி, கல்லும் கட்டி, வள்ளத்தில கொண்டு போட்டார்.”

கொன்றதைக்கூட ஒருவேளை விட்டிருப்பேன். பொறி வைத்திருக்கலாம், பொல்லால் அடித்திருக்கலாம், கலைத்துப் பிடித்திருந்தால் ஓடித் தப்பவாவது பார்த்திருக்கும். என் தட்டைத் தட்டினான். நான்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வந்தவைகளை மூடினான். ஊருக்குப் பிளேக்கும் வரவில்லை, ஒரு மண்ணும் வரவில்லை. பிளேக் ஐயா அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை. சோறு வைப்பேன், வலை பொத்துவேன், வாய் திறக்கமாட்டேன். அந்தக் கிழமை அவன் வலைக்குக் கல்லுக்கயிறு, வலையை அடியில் நிறுத்துகிற கல்லைக் கட்டும் கயிறு, வேண்டுமென்று பிலோமினா மூலம் கேட்டான். புதுத் தென்னந்தும்பு எடுத்து முப்புரிக் கயிறு நானே திரித்துக் கொடுத்தேன். கோபம் வேறு, வேலை வேறு. என் கயிறு யானை இழுத்தாலும் அறாது.

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. ஒருநாள் விடிந்து வெளிச்சம் வந்தபிறகு அவன் கடலுக்கு வெளிக்கிட்டான். கூட்டாளி சூசை வள்ளத்தில் நிற்கிறான். இவன் முற்றத்தில் நின்று சூசைக்குக் கேட்க வேண்டுமென்றே பெரிதாகச் சொன்னான்.

“என்னடி, இன்னும் துக்கம் முடியேல்லையோ? எலிக்கும் சுவாமியிட்டச் சொல்லிப் பூசை ஒண்டு வைப்பமோ?”

சூசை சிரிக்கவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே தண்ணீரில் கால் வைத்தான். கடலுக்கு இறங்குகிறவனைப் பின்னால் நின்று கூப்பிடக்கூடாது, எங்களுக்குள் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். நான் கூப்பிட்டேன்.

“மரிசால்! நீயும் அந்தத் தகரத்துக்குப் பக்கத்தில போய்க் கிட!”

பிறந்ததிலிருந்து அவனை நீ என்றது அன்றுதான், பேர் சொன்னதும் அன்றுதான். பிலோமினா நெஞ்சில் கைவைத்தாள். அவன் திரும்பிப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது, ஆனால் திரும்பி வந்தால் மானம் போய்விடுமே, ஏறிப் போய்விட்டான்.

இனித்தான் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

வெயில் ஏறிவிட்டது. நல்ல பகல், முற்றம் முழுக்க வெளிச்சம், தெருவில் கழுதை ஒன்று கத்துகிறது, பிலோமினா மீன் காயப்போடுகிறாள். நான் வலையை மடியில் போட்டுக்கொண்டு இருக்கிறேன், அப்போது சத்தம் கேட்டது. தகரத்தில் கணவாய் ஓடு தட்டுகிற சத்தம். இரண்டு சேர்த்து, கொஞ்சம் விட்டு மூன்றாவது.

வீட்டுக்குள் இல்லை. கடல் பக்கம். காற்றுச் சத்தமாக இருக்கும் என்று ஊசியைத் திரும்ப எடுத்தேன். மறுபடியும் அதே மூன்று தட்டு. அந்த இடைவெளி என் கைக்கு மட்டும் தெரிந்த இடைவெளி, பிறகு அவன் திருடிய இடைவெளி. எப்போது எழும்பினேன் என்று தெரியாது. மடியிலிருந்த வலை காலில் இழுபட நடந்துபோனேன், தண்ணீரில் இறங்கினேன், முழங்கால், தொடை, இடுப்பு. தட்டு நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளித் தள்ளிக் கேட்கிறது. பயமே இருக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோசமாக இருந்தது.

“மச்சாள்! எங்க போறியள்? ஐயோ, நில்லுங்கோ!”

பிலோமினா கத்திய சத்தத்தில் நின்றேன். நின்றதும் தட்டும் நின்றது. அப்போதுதான் சேலை முழுக்க நனைந்திருப்பதும், வலை காலில் சுற்றியிருப்பதும் தெரிந்தது. இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் பள்ளம்.

நான் கரையேறிக் காலில் சுற்றிய வலையை அவிழ்க்கும்போதே அண்ணனின் வள்ளம் நேரத்தோடு திரும்பி வந்தது. சூசை தனியாகத் துடுப்பு வலித்துக்கொண்டு வருகிறான், அண்ணன் வள்ளத்துக்குள் கிடக்கிறான். வலை விடும்போது கல்லுக்கயிறு அவன் காலில் சுற்றிக் கல்லோடு கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். சூசைக்கு வாய் உளறியது.

“ரெண்டு மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லுற நேரம் ஆளைக் காணேல்ல அக்கா. முடிஞ்சுதெண்டுதான் நினைச்சனான். பிறகு திடீரெண்டு மேல வந்தார். கயிறு அறுந்துபோச்சு.”

“கத்தியால வெட்டினாரோ?”

“கத்தி இந்தா, பலகையில குத்தினபடி கிடக்கு.”

அண்ணன் கண் திறந்து என்னைத்தான் தேடினான். கிட்டப் போனேன்.

“தங்கச்சி, அடியில ஒரே இருட்டு, ஒரே குளிர். காலில ஏதோ சின்னதா ஒண்டு ஏறினது. சூடா இருந்தது. தண்ணிக்குள்ள எப்பிடியடி சூடா இருக்கும்?”

அவன் கணுக்காலில் கயிறு இன்னும் இறுகிக் கிடந்தது. அறுந்த நுனியைக் கையில் எடுத்தேன். நான் திரித்த முப்புரி. இரண்டு புரி சீராகத் துண்டாகியிருந்தது, மூன்றாவது பிய்ந்து தாடிபோல நின்றது.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “அதுகளோ?” என்று கேட்டான். ஓம், அதுகள்தான் என்று சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பான், எல்லாம் கழுவப்பட்டுப் போயிருக்கும்.

“கயிறு உக்கிப்போச்சு” என்றேன்.

புதுக்கயிறு என்று அவனுக்கும் தெரியும். ஆனாலும் வலைக்காரி சொல்லிவிட்டாள், வேறு யாரிடம் கேட்பான்? அதற்குப் பிறகு நெடுநாள் இருந்துதான் கட்டிலில் செத்தான். சாகும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கண்ணால் கேட்டான். நான் சொல்லவில்லை. அவனுக்கு அந்த மன்னிப்பைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் வராது. அவனை விட்டுவிட்ட அந்த எலிகள் மேலும்தான் கோபம். மன்னிக்கிறதென்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? உங்களுக்காகத்தானே நான் என் கூடப்பிறந்தவனைச் சபித்தேன்?

அந்தக் கயிற்று நுனியைச் செபப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். கழுத்தில் ஒற்றைப்பல்லன் அறுத்த இந்த உத்தரிய முடிச்சும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீங்களே சொல்லுங்கள்.

அதைக்கூட ஏதோ கல்லில் உரசிப்போனது என்று சொல்லித் தள்ளிவிடலாம், என்னாலேயே சில நாள் முடிகிறது. தள்ள முடியாதது அந்தத் தட்டுத்தான். எலி அறுக்கும், கொறிக்கும். எலி தட்டாது. கம்பி கட்டிய தகரத்துக்குள் இருந்து என்னை என்னுடைய தட்டாலேயே யார் கூப்பிட்டது, எதற்குக் கூப்பிட்டது, அவன் உயிருக்குப் பதிலாக என்னையா என்று யோசித்தால் இந்த வயதிலும் நித்திரை வராது. அதைவிட ஒன்று இருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அவைகள் முழுத்தூரமும் வந்தன, அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் வந்தன. அவைகள் கூப்பிட்ட ஒரேயொரு முறை, நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டேன்.