சின்னதுக்குப் பேரில்லை

கலக்ஸிகள், அதாவது பெரும் நட்சத்திரக் கூட்டங்கள், ஒன்றோடொன்று கலப்பதுதான் என் ஆராய்ச்சி. மாத்தளை மிளகு வியாபாரி மகளுக்கு இது என்ன வேலை என்று உம்மா இன்னும் கேட்கிறார். பெரிய கலக்ஸி பக்கத்துச் சின்னதை இழுத்து விழுங்கி வளரும். அதன் தடயத்தை நான் படங்களில் தேடுவேன். அவ்வளவுதான்.

என் கணவர் பக்கத்து ஊரான யட்டவத்தக்காரர். எங்கள் வழக்கப்படி கல்யாணம் முடிந்ததும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அங்கே அவருக்கிருந்த மிளகுக் கடையையும் மூடிவிட்டுத் தன் கடையிலேயே சேரச் சொன்னார் வாப்பா. அது என் கணவரின் வாப்பா வைத்த கடை. மவுத்தாகி அடக்கமாகிவிட்ட அந்த மனுசனின் பேர்தான் கடைப் பலகையில். அந்தக் கடையைக் கைவிட என் கணவருக்கு மனமேயில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நாட்களில்தான் என் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். நட்சத்திரங்கள் முட்டிக்கொள்ளாதா என்றார். நடுவில் அவ்வளவு வெட்டவெளி, முட்டாது, வாயு மேகங்கள்தான் மோதும், அதில் புது நட்சத்திரம் பிறக்கும் என்றேன். படத்தில் பெரிய கலக்ஸியின் மேல் அதன் பட்டியல் எண்ணைப் போட்டிருந்தேன். மற்றதன் மேல் 'துணை' என்று மட்டும்.

"சின்னதுக்குப் பேரில்லையா?"

"இல்லங்க. போகப்போக அது தனியா இருக்காது. அதுட நட்சத்திரமெல்லாம் இருக்கும். வால் மாதிரி நீண்டு பெரிசைச் சுத்திட்டே இருக்கும்."

எழுந்து போனார். மறுநாள் கடையை மூடினார்.

வியாபாரம் வளர்ந்தது, பொய் சொல்லக் கூடாது. யட்டவத்த ஆட்கள் அவரைத் தேடி மாத்தளைக்கே மிளகு கொண்டுவந்தார்கள். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஒரு தூக்கம் போடும் வாப்பாவுக்கு அந்தத் தூக்கம் போயிற்று. விழுங்கிய பெரியதும் பழைய மாதிரி இருக்காது என்பதைப் படத்தில் பார்த்ததைவிட இங்கேதான் நன்றாகப் பார்த்தேன்.

ஈரம் ஏறாமல் மூட்டைக்கு அடியில் பலகை போடுவது எங்கள் கடை வழக்கம். மூடிய யட்டவத்தக் கடையின் பேர்ப்பலகையையும் வாப்பா அப்படிப் போட்டுவிட்டார். கெட்ட எண்ணமில்லை, நல்ல பலாப் பலகை, வீணாக்குவானேன் என்றுதான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. என் கணவர் சண்டைக்குப் போகவில்லை. எழுத்து மேலே தெரியத் திருப்பிப் போட்டார். அதன்மேல் மட்டும் மூட்டை வைக்கமாட்டார். இடம் வீண் என்று வாப்பா முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

கலக்ஸிகள் முழுசாகக் கலக்கப் பல கோடி வருஷம் வேண்டும். போன வாரம் கடைக்குச் சோறு கொண்டுபோனேன். பலகைமேல் மூட்டைகள் அடுக்கியிருந்தன, ஓர் எழுத்துக்கூடத் தெரியவில்லை. வாப்பாவை முறைத்தேன்.

"நான்தான் வச்சேன்," என்றார் என் கணவர். "சீசன். இடமில்ல."