நாலரை மணித் தூக்கம்

வட துருவத்தை ஒட்டிய எங்கள் லோஃபோட்டன் தீவில் சாப்பாட்டுக்குப் பிந்திய குட்டித் தூக்கத்தை யாரும் கலைப்பதில்லை. நாலு மணிக்கு மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டு, சோபாவில் சாய்ந்து, முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டால் அந்த அரை மணி நேரம் அவரவர் சொத்து. அப்போது போன் செய்கிறவனை ஊரே ஒரு மாதிரி பார்க்கும்.

என் அண்ணன் ஒட்வார் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். நாற்பது வருடத்தில் ஒருநாள்கூட அந்தத் தூக்கத்தை விட்டதில்லை. மார்ச்சில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரித் தூக்கமும் போனது. தோள் வலி, புரண்டு படுக்க முடியாது. தூக்கத்தில் மூச்சு முட்டாமலிருக்க டாக்டர் கொடுத்த முகமூடியை இடது கையால் பிடுங்கி எறிவார். ஜூனில் இங்கே சூரியன் மறைவதில்லை என்று அண்ணி குன்வோர் ஜன்னலில் கறுப்புத் துணியை அடித்து வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. காலையில் நடைப் பயிற்சிக்கு எழுப்பி நிறுத்தினால் துவண்டு விழுந்தார்.

ஊராட்சி நர்ஸ் யூருன் வந்து பார்த்தாள்.

"பகல்ல தூங்க விடாதீங்க. ரெண்டு வாரம் பாப்போம். முடியலன்னா முதியோர் இல்லத்துல ஒரு இடம் காலியா இருக்கு."

"அவருக்கு மிச்சம் இருக்கறதே அந்த ஒண்ணுதாம்மா," என்றாள் அண்ணி.

ஆனாலும் செய்தாள். தினமும் சாப்பிட்டதும் சீட்டு ஆடவைத்தாள், ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள். "யோவ் கெழவா, கண்ணத் தொற. எனக்கென்ன ஆசையா?" என்பாள். அண்ணன் அழுவார். பக்கவாதம் வந்தால் காரணமில்லாமலும் அழுகை வரும் என்றார் டாக்டர். இது காரணமுள்ள அழுகை என்று எனக்குத் தெரியும், பார்க்கச் சகிக்கவில்லை.

பத்தாம் நாள் ராத்திரி அண்ணன் ஆறு மணி நேரம் தூங்கினார். அண்ணிதான் தூங்கவில்லை. முகமூடி நழுவாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் வந்து பாத்துக்கறேன் அண்ணி."

"நீயா? உன் கொறட்டைல அவரு எழுந்துடுவாரு."

யூருனை வியாழக்கிழமை நாலரைக்கு வரச்சொன்னதும் அண்ணிதான். "அந்த நேரத்துல அவரு முழிச்சிருந்தா, அப்புறம் யாரு என்ன சொல்ல முடியும்?"

வியாழனன்று நானும் யூருனும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். மணியடித்தும் யாரும் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு போனோம். அண்ணன் சவரம் செய்த முகத்தோடு, கண் பளிச்சென்று, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சோபாவில் அண்ணி, வாய் பிளந்து, முகத்திலிருந்து செய்தித்தாள் சரிந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்குக் காபி போட வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. யூருன் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

நான் அண்ணியை எழுப்பக் குனிந்தேன். அண்ணன் இடது கை விரலை உதட்டில் வைத்து என்னை முறைத்தார். நின்றுவிட்டேன். உலுக்கி எழுப்பியிருக்க வேண்டும். அதற்காக இன்றும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

"அவருக்குத் தூக்கம் சரியாயிடுச்சு," என்று யூருன் மெதுவாகச் சொன்னாள். "இவங்களாலதான் முடியல. இல்லத்துக்கு எழுதிடறேன்."

"நான் வந்து தங்கறேன்மா. ஒரு வாரம் குடு."

"நீங்க வேலைக்குப் போறவங்க. அடுப்பப் பாத்தீங்கல்ல?"

அண்ணனுக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்கும். எல்லாவற்றையும் கேட்டார். விரலை மட்டும் உதட்டிலிருந்து எடுக்கவில்லை.

அண்ணி ஏழு மணி வரை தூங்கினாள்.